ஐந்து எழுத்தும் உள்ள சொல்

ஆற்றங்கரை மடத்துக்கு வருகிறவர்கள் நிம்மதி கேட்பார்கள். சிலர் மந்திரம் கேட்பார்கள். வடிவு வந்து கேட்டது ஒரு இங்கிலீஷ் வார்த்தை.

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம். அங்கே இருந்தவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. காவி கட்டுவதற்கு முன்னால் கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் நடத்தியவர். அதனால் ஊர் இப்போதும் அவரை டீச்சரம்மா என்றே கூப்பிட்டது. வடிவு அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பீடி சுற்ற உட்கார்ந்தவள்.

வடிவின் ஒரே மகள் செண்பகா ஆவணி மாதக் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய போன் மட்டும் மிஞ்சியது. அது பூட்டிக் கிடந்தது. திறக்க ஒரு வார்த்தை வேண்டும். அந்த வார்த்தையைப் பற்றி செண்பகா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னது வடிவுக்கு நினைவிருந்தது.

"பெரிய இங்கிலீஷ் வார்த்தைம்மா. உன் பேர்ல உள்ள எழுத்து அத்தனையும் அதுக்குள்ள இருக்கு. முடிஞ்சா கண்டுபிடி."

போன் கடைக்காரனிடம் கேட்டதற்கு, திறந்து தருகிறேன், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்றானாம். வடிவு வேண்டாம் என்று திரும்பிவிட்டாள்.

டீச்சரம்மா ஒரு தாளில் அவள் பெயரை இங்கிலீஷில் எழுதினார். அதற்குக் கீழே ஐந்து எழுத்துகளைத் தனியாக எழுதினார். வி, ஏ, டி, ஐ, யூ.

"இது அஞ்சும் ஒரே வார்த்தைக்குள்ள வர்றது அபூர்வம். தேடணும்."

"எனக்கு ஏபிசிடியே தடுமாறும் டீச்சரம்மா."

"அப்ப அதுலேருந்து தேடுவோம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் பீடித்தட்டை எடுத்து வைத்துவிட்டு வடிவு மடத்துக்கு நடப்பாள். செங்கல் கனத்துக்கு ஒரு அகராதி. வரிக்குக் கீழே ஸ்கேல் மாதிரி ஒரு அடிக்குச்சியை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக எழுத்தெண்ணிப் பார்த்து இறங்குவாள். கூடப் பீடி சுற்றுகிறவர்கள், வடிவு கலெக்டருக்குப் படிக்கிறாள், இனி நம்மோடு பேசமாட்டாள் என்று கேலி செய்தார்கள். வடிவு கண்டுகொள்ளவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு வார்த்தை அகப்பட்டது. இன்டிவிஜுவல். அர்த்தம் கேட்டாள்.

"தனி ஆள்."

வடிவு அதைத் துண்டுத் தாளில் எழுதி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். மறுநாள் டீச்சரம்மா கேட்டார். திறக்கவில்லை என்றாள். அடுத்த மாதம் இன்னொன்று. அதற்கும் திறக்கவில்லை என்றாள். ஒவ்வொரு முறையும் அடிக்குச்சியைத் துடைத்தபடியே சொன்னாள்.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று வந்தது. அனவாய்டபிள்.

"தவிர்க்க முடியாதது" என்று டீச்சரம்மா அர்த்தம் சொன்னார். வடிவு வெகுநேரம் அந்த வரியைவிட்டு அடிக்குச்சியை எடுக்கவில்லை. அதற்கும் மறுநாள் திறக்கவில்லை என்றாள்.

பதினோராம் மாதம் அகராதி முடிந்தது. நோட்டில் மொத்தம் பத்தொன்பது வார்த்தைகள் இருந்தன. இதைவிடப் பெரிய புத்தகம் உண்டா என்று வடிவு கேட்டாள்.

டீச்சரம்மா நோட்டை வாங்கி மூடினார்.

"நாளைக்கு அந்தப் போனைக் கொண்டு வாங்க வடிவக்கா."

மறுநாள் ஒரு பிஸ்கட் டப்பா வந்தது. அதற்குள் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் போன். மகள் போனதிலிருந்து முதல்முறையாக அதை இன்னொருவர் கையில் கொடுத்தாள்.

டீச்சரம்மா பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடியும் அழுத்தினார். சார்ஜ் வயரைச் செருகும் துவாரத்தில் கைக்குட்டை நூல் புகுந்து பஞ்சாக அடைத்திருந்தது.

"எப்ப சார்ஜ் போட்டீங்க?"

வடிவு கைக்குட்டையை மடித்தாள். கிணற்றடியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, பறந்தும் போனது.

"மூணாம் நாள் வரைக்கும் போனுக்கு உயிரு இருந்துச்சு. யாராவது கூப்பிட்டா மணி அடிக்கும். அப்புறம் நின்னுட்டு."

"அப்புறம்?"

"நான் போடலை."

"அந்தப் பத்தொன்பது வார்த்தையும்?"

"ஒண்ணைக்கூடப் போட்டுப் பார்க்கலை."

டீச்சரம்மா கோபப்படவில்லை. போனைக் கீழே வைத்தார்.

வடிவு மெல்லச் சொன்னாள். காய்ச்சலின் நாலாம் நாள் மத்தியானம், ஆஸ்பத்திரிக்குப் போவோம் அம்மா என்று செண்பகா கேட்டாள். மறுநாள் கடையில் பீடி கொடுக்கிற நாள். கட்டு பாதிதான் சேர்ந்திருந்தது. கஷாயத்தைக் குடித்துவிட்டுப் படு, நாளைக்குக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று வடிவு சொல்லிவிட்டாள். கொஞ்சநேரம் கழித்துப் பார்த்தபோது, போர்வைக்குள் போனை வாயருகே வைத்துக்கொண்டு செண்பகா யாருக்கோ பேசி அனுப்பிக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே வந்ததும் நிறுத்திவிட்டாள். மறுநாள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதற்கடுத்த நாள் முடிந்துவிட்டது.

"என்னைப் பத்தி என்ன சொன்னாளோ. அதைக் கேட்காமச் சாகக் கூடாதுன்னுதான் இங்க வந்தேன்."

"சரி."

"கேட்டா செத்துருவேன் டீச்சரம்மா."

டீச்சரம்மா எழுந்து உள்ளே போனார். ஒரு ஊசியும் தன்னுடைய சார்ஜரும் எடுத்து வந்தார். ஊசியால் துவாரத்தில் இருந்த பஞ்சை எடுத்துச் சுத்தம் செய்தார். சார்ஜரைச் சுவரில் மாட்டி சுவிட்சைப் போட்டார். வயரின் மறுமுனையைப் போனில் செருகவில்லை. போனுக்குப் பக்கத்தில் சும்மா வைத்தார்.

பிறகு அகராதியை எடுத்தார். முதல் பக்கத்தைத் திறந்தார். முதல் வார்த்தைக்குக் கீழே அடிக்குச்சியை வைத்தார். இரண்டையும் வடிவின் முன்னால் நகர்த்தினார்.

"கண்ணுக்குத் தப்பினது இதுல இன்னும் இருக்கும் வடிவக்கா. மறுபடியும் முதல்லேருந்து தேடணும்னாலும் தேடலாம். எத்தனை வருஷமானாலும் நான் கூட இருப்பேன்."

வடிவு அகராதியைப் பார்க்கவில்லை. வயரைப் பார்த்தாள்.

"இதுக்கு?"

"அதுக்கும் கூட இருப்பேன்."