மேலிடத்துக்குப் போன ரிப்போர்ட்

பனையடிப்பட்டியில் மூன்று பேர் கூட்டாகச் சேர்ந்து ஒரு ட்ரோன் வாங்கி, ஊர் வயல்களுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ட்ரோனுக்குக் கொஞ்சம் அறிவு இருந்தது. எதிரே மரம் வந்தால் தானே நின்றுவிடும். மற்ற மூவருக்கும் அந்த வசதி கிடையாது.

மூவரில் பூவலிங்கம்தான் பொறுப்பானவர். அதாவது, ரிமோட் அவர் கையில் இருக்கும். சடையப்பனும் மருதையனும் அவர் பின்னால் அண்ணாந்து பார்த்தபடி நடப்பார்கள்.

அந்தப் போகத்தில் உழவர் சங்கம் முந்நூறு ஏக்கருக்கு மருந்தடிக்க ஆள் தேடியது. சங்கத்து மேனேஜர் திலகவதி மேடம் பூவலிங்கத்தைக் கூப்பிட்டார்.

"உங்க தொழில் எப்படி நடக்குதுன்னு அளந்து, வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கொண்டு வாங்க. ட்ரோன் தரையில சும்மா கிடக்கிற நேரம் குறையணும். எவ்வளவு இடம் கவர் பண்ணுதுன்னு அளக்கணும். விவசாயிங்க திருப்தியையும் அளக்கணும். சரியில்லைன்னா வேலை பக்கத்து ஊருக்குப் போயிடும்."

இந்த வேலை கை நழுவினால் தன் அண்ணனின் செங்கல் சூளைக்கு அனுப்பிவிடுவதாகப் பூவலிங்கத்திடம் அவர் மனைவி சொர்ணம் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

அன்றைக்கே சொர்ணத்தின் பழைய சேலையை எடுத்து, வேப்பமரத்தில் தூளி கட்டி, ட்ரோனை அதில் கிடத்தினார்கள். மூன்று நாள் அது தரையைத் தொடவில்லை. வயல் பக்கமும் போகவில்லை. 'தரையில் கிடந்த நேரம்: பூஜ்யம்' என்று நோட்டில் எழுதி, பூவலிங்கம் பெருமையோடு அடியில் இரண்டு கோடு போட்டார்.

அடுத்து, கவர் பண்ணும் இடம். சடையப்பன் ட்ரோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். மருதையன் டேப்பால் நிழலை அளந்தார். நிழலில் சடையப்பனும் கலந்திருந்ததால் அவரைக் கழிக்க வேண்டியதாயிற்று.

"மத்தியானம் ரெண்டு முழம்தான் வருது அண்ணே. சாயங்காலம் எட்டு முழம்."

"காலையில?"

"காலையிலயும் எட்டு. ஆனா எதிர்ப்பக்கம்."

பூவலிங்கம் நோட்டைத் திறந்தார். "காலையையும் சாயங்காலத்தையும் கூட்டு. மத்தியானம் தொழில் மந்தம்னு எழுதிக்கலாம்."

திருப்தியை அளக்க டேப்போடு வீடு வீடாகப் போனார்கள். சிரிக்கச் சொன்னால், ஆறு சென்டிமீட்டருக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. அப்போது அங்கமுத்து ஓடி வந்தார். மூன்று நாளாக மருந்தடிக்காமல் அவர் நெல்லைப் பூச்சி தின்றுகொண்டிருந்தது. வாயைப் பிளந்து மூவரையும் திட்டினார். மருதையன் சட்டென்று டேப்பை நீட்டினார்.

"பதினொன்னு அண்ணே!"

ஊரிலேயே அதிகத் திருப்தி அங்கமுத்துவுக்குத்தான் என்று எழுதிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை நோட்டோடும் ட்ரோனோடும் சங்கத்துக்குப் போனபோது மேடம் போனில் இருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என்கிட்ட வேணாம். இன்னிக்கே மேலிடத்துக்கு அனுப்புங்க. அங்க கையெழுத்துப் போட்டு வந்தாத்தான் வேலை."

மூவரும் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"மேலிடம்னா எவ்வளவு மேல அண்ணே? மாடியா?" என்றார் சடையப்பன்.

"மாடியில தண்ணித்தொட்டிதான் இருக்கு. தொட்டி கையெழுத்துப் போடுமா?"

"உள்ள போய் மேடத்தையே கேட்டுடலாமே" என்றார் மருதையன்.

"கேட்டா, இதுகூடத் தெரியாதவனுங்கன்னு வேலையைப் பக்கத்து ஊருக்குத் தூக்கிக் கொடுத்துடுவாங்க" என்றார் பூவலிங்கம்.

அது நியாயமாகப் பட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து ட்ரோன் முதுகில் வைத்துக் கட்டினார்கள். கையெழுத்துப் போடுகிறவர் பேனா தேடக்கூடாது என்று பேனாவையும் கட்டினார்கள். ட்ரோன் கிளம்பியது. தென்னை உயரம், செல்போன் டவர் உயரம், அப்புறம் வெறும் புள்ளி. நாலைந்து காகங்கள் அதைச் சுற்றி வந்து கத்தின. பூவலிங்கத்தின் கண்ணுக்குச் செங்கல் சூளை தெரிந்து தெரிந்து மறைந்தது.

பேட்டரி தீரும் நேரத்தில் இறக்கினார். மூன்று தலைகளும் நோட்டின் மேல் குனிந்தன. பக்கத்தின் அடியில், வெள்ளையும் பச்சையுமாக, எட்டணாக் காசு அகலத்தில் ஒரு வட்டம்.

"பேனாவைத் தொட்ட மாதிரியே தெரியலையே" என்றார் சடையப்பன்.

"மேல சுத்திக்கிட்டிருந்த அவ்வளவு பெரிய ஆளு பேனாவா பிடிப்பாரு? சீல் குத்தியிருக்காரு!" பூவலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

நோட்டை இரு கையிலும் தட்டுப்போல் ஏந்திக்கொண்டு உள்ளே ஓடினார். மேடம் போனில் பேசிக்கொண்டே வாங்கினார். கட்டைவிரல் சரியாக வட்டத்தின் மேல் விழுந்தது. விரலைப் பார்த்தார். முகர்ந்தார். போன் கீழே விழுந்தது.

பூவலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"குத்தின சீலைக் கலைச்சுட்டீங்களே மேடம்! அவரு இந்நேரம் எந்த மரத்துக்குப் போனாரோ?"