ஆள்காட்டியின் கண் சிவந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, கடலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய புத்த விகாரை இருந்தது. பிக்குகள் தங்கும் அறைகள், ஓர் அரசமரம், நடுவில் சுண்ணாம்பு பூசிய உயரமான தூபி. தூபியைச் சுற்றி வலம் வரக் கூழாங்கல் பரப்பிய பாதை. அந்தப் பாதையில்தான் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டு வந்தது.

அப்போது அதற்கு அந்தப் பெயர் கிடையாது. தேன்குரல் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவ்வளவு மென்மையான குரல். கண்ணோரத்தில் சிவப்பும் கிடையாது.

போயும் போயும் நடைபாதையிலா முட்டையிடுவது என்று கேட்கலாம். தேன்குரலின் காலுக்குக் கிளையைப் பற்றிக்கொள்ளத் தெரியாது. தரைதான் கதி. கூழாங்கற்களுக்கு நடுவே கிடந்தால் முட்டை எது, கல் எது என்று நரிக்கும் காக்கைக்கும் தெரியாது. பிக்குகளால் ஆபத்தே இல்லை. ஒரு நுகத்தடி நீளத்துக்கு மேல் பார்வை போகாமல் தரையைப் பார்த்தே நடக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஒழுக்கம். எறும்பு ஊர்ந்தாலும் நின்று வழிவிடுவார்கள்.

தொல்லையெல்லாம் பார்க்க வருகிறவர்களால்தான். வாசலில் நுழைந்ததுமே அவர்கள் முகம் மேலே போய்விடும். தூபியின் உச்சியில் இருந்த கல் குடையைப் பார்த்துக் கைகூப்பியபடியே நடப்பார்கள். முந்தின ஆண்டு தேன்குரலின் ஒரு குஞ்சுகூட முட்டையை விட்டு வெளியே வரவில்லை. இந்த ஆண்டும் ஒவ்வொன்றாக மிதிபட்டு, வைகாசிப் பௌர்ணமி அன்று ஒரே ஒரு முட்டைதான் மிஞ்சியிருந்தது. அதற்குள்ளிருந்து குஞ்சு கொத்தும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

கடைசியாகப் போன முட்டை எப்படிப் போனது தெரியுமா? ஓர் அம்மாள் வந்தாள்.

"அம்மா, கீழே பாருங்கள். முட்டை இருக்கிறது" என்றது தேன்குரல்.

"ஏங்க, இங்கே வாங்களேன்! தேன்குரல் என்கிட்டேயே பேசுது! இன்னொரு தடவை சொல்லு, கண்ணு."

"கீழே பாருங்கள், அம்மா."

"ஆகா, என்ன குரல்!" என்று கண்ணை மூடி ரசித்தாள். ரசித்தபடியே மிதித்துவிட்டுப் போனாள்.

தேன்குரல் மூத்த பிக்கு சுசீலரிடம் போனது.

"சாமி, எறும்பைக்கூட மிதிக்கக் கூடாது என்று சொல்கிற இடம் இது. என் பிள்ளைகள் எறும்பைவிடச் சின்னவர்களா?"

சுசீலர் வருந்தினார். "இன்றைக்கு உபதேசத்தில் சொல்கிறேன்" என்றார். சொல்லவும் சொன்னார். எல்லா உயிர்களிடமும் கருணை வேண்டும் என்று நீளமாக, அழகாகச் சொன்னார். கூட்டம் கண்ணீர் மல்கக் கேட்டது. "சாது! சாது!" என்று மெச்சியது. பிறகு எழுந்து, குடையைப் பார்த்துக் கைகூப்பி, அப்படியே நடந்தது.

தேன்குரல் தன் புருஷனிடம் வந்து உட்கார்ந்தது.

"இனி என்னால் ஆகாது. கத்தப் போகிறேன்."

"ஐயையோ, வேண்டாம். நம் இனத்துக்குத் தொண்டை மெலிசு. கத்தினால் கிழிந்துவிடும். அப்புறம் பேச்சே வராது" என்றது ஆண் பறவை. "இன்னும் கொஞ்சம் நயமாகச் சொல்லிப் பாரேன்."

"இன்னும் நயமாகவா? நீங்கள் போய்ச் சொல்லுங்களேன்."

"நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? உன் குரல்தானே நல்ல குரல்!"

தேன்குரல் முட்டைப் பக்கம் திரும்பிப் போனது.

அப்போது குதிரை வியாபாரி சேந்தன் வந்தார். பெரிய உடம்பு. கப்பல் திரும்பி வந்த மகிழ்ச்சியில் தூபியை வலம் வர வந்திருந்தார். முகம் மேலேயே இருந்தது.

"ஐயா, கீழே பாருங்கள்."

"அடடா, தேன்குரல்! கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றபடி நடந்தார்.

"ஐயா, உங்கள் காலடியில் என் குஞ்சு இருக்கிறது!"

"பாடு, பாடு. கேட்டுக்கொண்டே சுற்றுகிறேன்."

"ஐயா!"

"நல்ல சகுனம்" என்றார் சேந்தன். காலைத் தூக்கினார்.

கூட்டம் வலம் முடித்துத் தியானத்தில் அமர்ந்திருந்த நேரம். இலை விழுந்தால்கூடக் கேட்கும். அந்த அமைதியில் தேன்குரல் தன் உயிரையெல்லாம் திரட்டிக் கத்தியது. அதன் தொண்டை கிழிந்தது. கண்ணோரத்தில் ரத்தம் ஏறி அப்படியே உறைந்து நின்றது. தியானத்தில் இருந்தவர்கள் திடுக்கிட்டுக் கண் திறந்தார்கள். சேந்தன் ஒற்றைக் காலில் நின்று தள்ளாடினார்.

"என்ன பறவை இது! புண்ணியம் தேடி வந்த இடத்தில் இப்படியா அலறும்?"

"உங்கள் காலுக்குக் கீழே பாருங்கள்" என்றார் சுசீலர்.

சேந்தன் பார்த்தார். அவர் பாதத்துக்கு நேர் கீழே ஒரு கூழாங்கல் விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. விரிசலுக்குள் ஓர் ஈரமான அலகு அசைந்தது. அவர் காலை மெல்லப் பின்னால் இழுத்து ஊன்றினார். முகம் வெளுத்துப் போயிருந்தது. பிறகு கேட்டார்:

"ஏம்மா, இதை முன்னாடியே நயமாகச் சொல்லியிருக்கக் கூடாதா?"

தேன்குரல் வாயைத் திறந்தது. இதற்குச் சொல்ல அதனிடம் எவ்வளவோ இருந்தது. ஆனால் வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. அலறல்தான் வந்தது. சேந்தன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே வெளியே நடந்தார். குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு முழுதாக வெளியே வந்தது.

இன்று அந்த விகாரை இல்லை. தூபி இடிந்து செங்கல் மேடாகிவிட்டது. உச்சியில் குடையும் கிடையாது. ஆனாலும் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடிதான் நடக்கிறார்கள், "இந்தக் குருவி ஏன் இப்படிக் கத்துகிறது?" என்று சலித்துக்கொள்ளவும் செய்கிறார்கள். அன்று முதல்தான் அதற்கு ஆள்காட்டி என்று பெயர்; கண்ணோரமும் சிவந்திருக்கிறது. ஆள் தலை தெரிந்த உடனேயே, நயமாகச் சொல்லிப் பார்க்காமல், எடுத்த எடுப்பில் கத்துகிறது.