ஐந்தாவது பெட்டிக்குக் காற்று

“அஞ்சாவது பெட்டி இன்னிக்கும் பதினோரு மணிக்கு நின்னுபோச்சு, ரபேல். பெரிய விசிறி கேட்டு எழுதிப் போடட்டுமா?”

கேட்டவர் வேதவல்லி. வானத்திலிருந்து வந்து விழும் கதிர்களை எண்ணுவதற்கென்று மலைமேல் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது, அதற்குத் தலைவி. ரபேல் அங்கே மெக்கானிக். வேதவல்லியைவிடப் பதின்மூன்று வயது இளையவர். ஆனாலும் இயந்திரம் என்று வந்துவிட்டால் வேதவல்லி அவருக்குச் சிஷ்யைதான். அதைச் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டதில்லை.

இது நடந்து முப்பது வருஷம் ஆகிறது. கூடத்தைச் சுற்றிலும் தைலமரங்கள். இன்றைக்கும் எங்காவது தைலமர வாசனை வந்தால், அந்தக் கூடத்து விசிறியின் உறுமல் வேதவல்லியின் காதில் கேட்டுவிடும்.

கதிர்களை எண்ணும் மின்கருவிகள் அடங்கிய, பீரோ உயரத்தில் ஐந்து பெட்டிகள். விசிறியிலிருந்து கிளம்பும் ஒரே தகரக் குழாய் ஐந்தையும் தொட்டுக்கொண்டு போகும். காற்றைக் கூட்டிக் குறைக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு.

கடைசிப் பெட்டி ஆய்வு மாணவன் ஹமீதுடையது. சூடேறித் தினமும் அணைந்துவிடும். ஆய்வை முடிக்க அவனுக்கு நான்கே மாதம் பாக்கி. ஒருநாளும் முறையிட்டதில்லை. பெட்டி நின்றதும் ஜன்னலோரம் போய் மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ரபேல் சமையலறையிலிருந்து ஒரு பிடி வெங்காயச் சருகு கொண்டுவந்து நீட்டினார்.

“காத்து வர்ற வாய்ல ஒவ்வொண்ணாப் பிடிச்சுப் பாருங்க, மேடம்.”

முதல் பெட்டியில் சருகு விரலைவிட்டுப் பறந்தே போய்விட்டது. மூன்றாவதில் படபடத்தது. ஐந்தாவதில் அசையவில்லை.

“இதோட தகடு முழுசாத் திறந்துதானே இருக்கு! இன்னும் இதுல என்ன செய்யணும்?”

“அதுல ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

“பின்னே?”

“முதல் பெட்டி யாரோடது?”

“என்னோடது.”

ரபேல் ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டார்.

வேதவல்லிக்குச் சுருக்கென்றது.

“ஆறு வருஷத்து உழைப்பு அதுல ஓடுது, ரபேல். அது சூடாச்சுன்னா?”

ரபேல் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

மறுநாள் காலை, யாரும் வருமுன்னே, வேதவல்லி தன் பெட்டியின் முன்னால் நின்றார். தகட்டை ஒரு விரற்கடை மூடினார். வெப்பமானியைப் பார்த்தார். முள் நகரவில்லை.

இன்னொரு விரற்கடை.

நகரவில்லை.

பாதி மூடியாயிற்று. முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பதினொன்று அடித்தது. பன்னிரண்டும் அடித்தது. ஹமீது சாப்பிடக்கூட எழாமல் எண்களை எழுதிக்கொண்டிருந்தான்.

வேதவல்லி பட்டறைக்குப் போனார்.

“உங்களுக்கு இது எப்பத் தெரியும்?”

“போன மாசமே.”

“ஏன் சொல்லல?”

ரபேல் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“நான் சொல்லி மூடியிருந்தா, மறுநாளே திறந்திருப்பீங்க, மேடம்.”