ஆம் என்னும் பொத்தான்

மார்கழி பாதி கடந்திருந்தது. காலைப் பந்தி தொடங்கிய வேளையில் மடத்தில் அந்தத் தவறு நடந்தது.

மடத்தின் தலைவி ஞானசுந்தரி அம்மையாருக்குக் காது மந்தம். பேச வருவோர் தோளில் ஒரு சிறு மைக்கைச் செருகிக்கொள்வர். அதன் ஒலி அம்மையாரின் கைப்பேசி வழியாகக் காதுக்கருவியை அடையும். இணையுமுன் மைக்கும் கைப்பேசியும் ஓர் எண்ணைக் காட்டும். இரண்டும் ஒன்றாயிருந்தால் இருவரும் ‘ஆம்’ என்று அழுத்த வேண்டும். ஏற்பாடு சீடர் தில்லைநாயகத்துடையது. அவர் தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர், அம்மையாரைவிட மூத்தவர்.

அன்று பந்தியிலும் ஒருவர் வேறொரு மைக்கை ஒலிபெருக்கியோடு இணைத்துக்கொண்டிருந்தார். மைக்குகள் மாறி இணைந்தன. அம்மையாரின் காதில் யாரோ சட்னி கேட்டார். கணவனைப் பிரியப் போவதாக ஒரு பெண் தாழ்ந்த குரலில் அம்மையாரிடம் சொன்னதைப் பந்தி முழுவதும் கேட்டது.

அவள் பாதியில் எழுந்து, பையோடு வாசலில் போய் அமர்ந்தாள். மதியம்தான் பேருந்து.

தில்லைநாயகம் நெடுநேரம் விளக்கினார். கருவியில் குறையில்லை, எண் தெளிவாகவே தெரிந்தது, அந்தப் பெண் ஒரு கணம் பார்த்திருந்தால் போதும். அம்மையார் அவர் உதடுகளைப் பார்த்தபடி இடையிடையே கேட்டார்.

“வாசலில் குடிக்கத் தண்ணீர் வைத்தாயிற்றா?”

“ஆம், அம்மா.”

“ஒலிபெருக்கியை அணைத்தாயிற்றா?”

“ஆம், அம்மா.”

“இனி அவளிடம் பேச ஒன்றுமில்லை. அனுப்பிவிடலாமா?”

“ஆம், அம்மா. நான் சொல்ல வந்தது, அந்த எண்...”

“எதற்கு ஆம் என்றீர்கள்?”

அவருக்கு நினைவில்லை. அம்மையார் கேள்வியைத் திரும்பச் சொன்னார். “ஐயோ, அதற்கில்லை, அம்மா” என்றார் தில்லைநாயகம்.

“எண்ணைச் சரிபார்க்க வேறு வழி உண்டா?” என்று கேட்டார் அம்மையார்.

உண்டு. மைக் காட்டும் எண்ணைக் கைப்பேசியில் தட்டினால்தான் இணையும்படி வைக்கலாம். வயதானவர்களுக்குத் தொல்லை என்று தாமே அதை விட்டுவிட்டதாகச் சொன்னார்.

“அவர்கள் வாசிக்கட்டும். தட்டுவது நான்.”

அம்மையார் வாசலுக்குச் சென்று, அந்தப் பெண்ணருகே தரையில் அமர்ந்து, மைக்கை நீட்டினார்.

“இந்த முறை எந்த ஊருக்குக் கேட்கும்?” என்றாள் அவள்.

“எண்ணைப் படி, அம்மா. நான் தப்பாகத் தட்டினால் எனக்கே கேட்காது.”

அவள் மைக்கை வாங்கி, ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். உதட்டைப் பார்த்துப் பார்த்து அம்மையார் தட்டினார்.

இனி வருவோருக்கெல்லாம் இவ்வளவு நேரம் பிடிக்குமே என்றார் பின்னால் வந்து நின்ற தில்லைநாயகம்.

“பிடிக்கட்டும். காலையில் பாராமல் ஆம் அழுத்தியவர்களில் நானும் ஒருத்தி.”

அவள் பேசி முடிக்குமுன் பேருந்து போய்விட்டது. மாலையில் அவள் ஊர் திரும்பிய காரின் வாடகையில் பாதியை அம்மையார் கொடுத்தார். மறுபாதியைத் தில்லைநாயகம் ஓட்டுநரின் கையில் வைத்தார்.