கனி சிரிக்காத கேமரா

“இந்தக் கேமராவுல என் வீட்டுக்காரி சிரிக்க மாட்டேங்கிறா டீச்சர். வாங்கும்போதே அந்தச் சின்னதை வாங்கியிருக்கணும்.”

தவசிமுத்து இதைச் சொல்வது முதல் தடவை அல்ல. போன ஞாயிறும் இதையேதான் சொன்னார், ஒரு எழுத்து மாறாமல்.

ஜெசிந்தா டீச்சர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“சிரிக்க வைக்கிற கேமரா எந்தக் கடையில கிடைக்குதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க சார். எனக்கும் ஒண்ணு வேணும். எங்க மாமியாருக்கு.”

தூத்துக்குடியில் ஒரு கான்வென்ட் பள்ளியில் பிசிக்ஸ் எடுத்தவர் ஜெசிந்தா டீச்சர். வேலையை விட்டபின் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்து வந்து, தன் வீட்டு முன்னறையிலேயே போட்டோ எடுக்கக் கற்றுக் கொடுத்தார். கேள்வி கேட்டால் வாயால் பதில் வருவது அபூர்வம். லென்ஸைப் பற்றிக் கேட்டவனை மொட்டை மாடிக்கு அனுப்புவார். வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டவளிடம் முட்டையைக் கொடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்க்கச் சொல்வார். பொறுமை இல்லாதவர்கள் இரண்டு வாரத்தில் நின்றுவிடுவார்கள். தவசிமுத்து நிற்கவில்லை. டீச்சரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்ட கேள்விக்குப் பதில் வாங்காமல் நகர்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஆரம்பக்காரர்களுக்கு இதுதான் சரி என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்த மிரர்லெஸ் கேமரா அவருடையது. அதன் கையேடு முழுவதும் அவருக்கு மனப்பாடம். நாலு மளிகைச் சாமான் வாங்கிவரச் சொன்னால் இரண்டை மறந்துவிட்டு வருகிறவர்களுக்கு இதெல்லாம் மட்டும் எப்படித்தான் தலையில் தங்குகிறதோ.

சென்சார் பெரிது, லென்ஸ் மாற்றலாம், மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாக விழும், ஆளுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சு மாதிரி மங்கிப் போகும் என்று தன் கேமராவின் பெருமைகளை அவர் அன்றும் ஒப்பித்தார். அப்புறம் டீச்சருடைய கேமராவைப் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற சின்ன காம்பாக்ட். மூடி கிடையாது, மாற்ற லென்ஸ் கிடையாது.

“அதுல நீங்க எடுத்த படத்துல வகுப்புல எல்லாரும் சிரிச்சுக்கிட்டுல்ல இருக்காங்க? அதுதான் எனக்குப் புரியலை. ரெண்டையும் மேசையில வச்சு, எது எதுக்குன்னு ஒரு தடவை ஒப்பிட்டுக் காட்டுங்களேன்.”

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தன் கேமராவைத் தவசிமுத்துவின் சட்டைப் பையில் போட்டார். அவருடையதை வாங்கி அலமாரியில் வைத்தார்.

“ஒரு வாரம்,” என்றார். மறுபடி வெங்காயத்துக்கு வந்துவிட்டார்.

தவசிமுத்துவின் அவசரம் வேறு. ஆவணியில் மகனுக்குக் கல்யாணம். அவர் மனைவி சண்முகக்கனிக்குச் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு காலையில் முகத்தின் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. முகவாதம். மாத்திரை, பயிற்சி, பிசியோதெரபி என்று எல்லாம் செய்து பேச்சு சரியாகிவிட்டது. சிரித்தால் மட்டும் உதடு ஒரு பக்கமாக ஓடியது. கனி அதைப் பற்றி அழுது யாரும் பார்க்கவில்லை. வாஷ் பேசினுக்கு மேலே இருந்த கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். பீரோக் கண்ணாடியில் காலண்டர் ஒட்டினாள். வெளியே கிளம்பினால் சேலைத் தலைப்பு வாயருகே வந்துவிடும்.

கல்யாணத்துக்கு எல்லா ஏற்பாடும் அவள்தான் செய்தாள். மேடைக்கு மட்டும் வரமாட்டேன் என்றாள். மாப்பிள்ளையின் அம்மா மேடையில் இல்லாமல் எப்படி என்று மகன் கெஞ்சினான். பந்தி விசாரிக்க ஒருத்தி வேண்டாமா என்று கேட்டாள். பரிமாற ஆள் வைத்திருக்கிறது அம்மா என்றான். அந்த ஆளை விசாரிக்க ஒருத்தி வேண்டாமா என்றாள்.

கடைசியில் தவசிமுத்துவிடம்தான் ஒரு வார்த்தை விட்டுக் கொடுத்தாள்.

“நான் கூசாம பார்க்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்க. அப்புறம் மேடை ஏறுறேன்.”

அதற்குத்தான் கேமரா. அதற்குத்தான் வகுப்பு.

ஒரு வாரம் கழித்து வந்தவர் சின்ன கேமராவை டீச்சரின் மேசையில் வைத்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

பெரியதில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள், சின்னதில் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறாள் என்றார். போதாக்குறைக்குச் சாயங்காலம் எடுத்ததெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. இப்போது பெரியதே தேவலாம் போலிருக்கிறது. அல்லது இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வந்திருக்கிறதா? டீச்சர் ஒரு யோசனை சொன்னால் நாளைக்கே மாற்றிவிடலாம்.

“நாளைக்கு உங்க வீட்டுக்கு வாரேன்,” என்றார் டீச்சர். “காபிக்குச் சீனி கம்மி.”

மறுநாள் காலையில் இரண்டு கேமராக்களையும் எடுத்துக்கொண்டு டீச்சர் போனார். கனி தலைப்பை வாயருகே பிடித்தபடி வாங்க என்றாள். கை கழுவப் போன டீச்சர் பேசினுக்கு மேலே ஒரு ஆணி மட்டும் இருப்பதைப் பார்த்தார்.

காபி நன்றாக இருந்தது. கனியும் தலைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தாள். தன் முகத்தைப் பற்றி அவளே பேசினாள்.

“ஒரு பக்கம் சிரிக்குது டீச்சர். இன்னொரு பக்கம், அப்படி என்ன சிரிப்புன்னு கேக்குது.”

“எங்க வீட்டுல அதுக்குத் தனியா மாமியாரே இருக்காங்க,” என்றார் டீச்சர்.

கனி சிரித்தாள். தவசிமுத்து பாய்ந்து கேமராவை எடுத்தார். அவர் மூடியைக் கழற்றுவதற்குள் தலைப்பு வாய்க்குப் போய்விட்டது.

“பார்த்தீங்களா? இதைத்தான் சொன்னேன்,” என்றார் அவர்.

எங்கே உட்கார வைத்து எடுப்பீர்கள் என்று டீச்சர் கேட்டார். கூடத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற இடம், வகுப்பில் சொன்னபடி. நாற்காலிக்கு மேலே சுவரில் அவர்களுடைய கல்யாணப் படம், சட்டம் போட்டது. அதில் இருந்த கனிக்கு இருபது வயதுகூட இருக்காது. கேமராவைப் பார்த்து நேராகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கனி போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பல் பிடுங்க உட்காருகிறவள் மாதிரி.

“பொட்டு நேரா இருக்கா?” என்று கேட்டாள்.

தவசிமுத்து லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தார். “ம், இருக்கு,” என்றார்.

டீச்சர் சின்ன கேமராவுடன் போய்க் கனியின் நாற்காலிக்குப் பின்னால், சுவர்ப் படத்தை மறைக்காமல் நின்றார்.

“டீச்சர், நீங்க படத்துக்குள்ள வாரீங்க.”

“வந்தா வெட்டிக்கலாம். எடுங்க.”

அவர் பெரிய கேமராவைத் தூக்கினார். கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கிற குழி ஒன்று அதில் உண்டு. திரையைப் பார்த்து எடுப்பது விளையாட்டு, கண்ணை வைத்து எடுப்பதுதான் வேலை என்பது அவர் கட்சி. எடுத்தார். அதே நேரத்தில் கனியின் தலைக்கு மேலாக டீச்சரும் ஒன்று எடுத்தார்.

“இப்ப மாத்திக்குவோம்.”

கேமராக்கள் கை மாறின. இந்தத் தடவை சின்னது தவசிமுத்துவிடம். ஒட்டிப் பார்க்கக் குழி இல்லாததால் அதை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிப் பிடித்தார். கனி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்தக் கணத்தில் டீச்சர் பெரிய கேமராவை அழுத்தினார்.

“ரெண்டையும் மேசையில வச்சு ஒப்பிட்டுக் காட்டச் சொன்னீங்கல்லா சார்? வாங்க.”

சாப்பாட்டு மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. மூன்று பேரும் குனிந்தார்கள்.

சின்ன கேமராவின் திரையில், டீச்சர் எடுத்த படத்தில், ஒரு கறுப்புப் பெட்டி. அதைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள். பெட்டிக்கு மேலே கொஞ்சம் நரைத்த முடி. ஆளைக் காணோம்.

“இது யாரு?” என்றார் டீச்சர்.

தவசிமுத்து பெரிய கேமராவின் பக்கம் திரும்பினார்.

பெரிய கேமராவின் திரையில் அவர் இருந்தார். அவர் சொன்ன பெருமைகளெல்லாம் நிஜம்தான். சென்சார் பெரியது, ஒரு சுருக்கம் விடாமல் பிடித்திருந்தது. நெற்றி நெரிந்திருந்தது. உதடு இறுகியிருந்தது. மூக்குக் கண்ணாடி பாதி மூக்குக்கு இறங்கியிருந்தது. கண்கள் கேமராத் திரையிலும் இல்லை, நாற்காலியில் இருந்தவள்மேலும் இல்லை. அவளுக்கு மேலே எங்கோ இருந்தன.

“எதைப் பார்க்கிறீங்க சார்?”

பதில் கனியிடமிருந்து வந்தது.

“அந்தப் படத்தைத்தான் டீச்சர். எப்பவும் அப்படித்தான். மேல ஒரு தடவை பார்ப்பாங்க, கீழ ஒரு தடவை பார்ப்பாங்க. பேங்குல செக்கு வந்தா பழைய கையெழுத்து அட்டையை எடுத்து வச்சுப் பொருந்துதான்னு பார்ப்பாங்கல்லா, அந்த மாதிரி.”

அவள் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

“நான் அதுக்குப் பார்க்கலை கனி,” என்றார் தவசிமுத்து. “எந்தப் பக்கம் திரும்பினா அதே மாதிரி வரும்னு...”



கனி தன் காபி டம்ளரை நகர்த்திவிட்டு அந்தப் படத்தை மறுபடி பார்த்தாள். உற்றுப் பார்த்தாள்.

“எவ்வளவு பயந்து போயிருக்கீங்க,” என்றாள். “நான் இதைக் கோவம்னுலா நினைச்சுட்டேன்.”

வெளியே உப்பு லாரி ஒன்று போனது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்து அடங்கின.

தவசிமுத்து இரண்டு கேமராக்களையும் மாறி மாறிப் பார்த்தார். வாங்காத பதில் ஒன்று அவருக்கு இன்னும் பாக்கி இருந்தது. பாவம், அந்த நிலைமையிலும் அவரால் அதை விட முடியவில்லை.

“அப்ப எந்தக் கேமரா டீச்சர்?”

டீச்சர் இரண்டையும் அணைத்தார். திரைகள் கறுத்தன.

“உங்க பேசினுக்கு மேல ஒரு ஆணி மட்டும் இருக்கே சார்.”

“கண்ணாடி இருந்தது. கனிதான் கழட்டச் சொன்னா.”

“பீரோவுல?”

“காலண்டர் ஒட்டியிருக்கா.”

“இத்தனை மாசமா இவங்க எதுல முகம் பார்க்கிறாங்கன்னு நினைச்சீங்க?”

தவசிமுத்து சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை இழுத்துக் கனிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார். இத்தனை நாளும் கேமரா இருந்த கைகள்.

சுவர்ப் படம் இப்போது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

கனிக்குக் கூச்சம் வந்துவிட்டது. தலைப்பைத் தேடினாள். மடியில் கிடந்தது. எடுக்கவில்லை.

“பொட்டு நேரா இருக்கா?” என்றாள்.

தவசிமுத்து பார்த்தார். பொட்டைப் பார்த்தார், இறங்கிய இமையைப் பார்த்தார், கேள்வி கேட்கிற கன்னத்தையும் பார்த்தார். கையேடு படிக்கிறவரின் நிதானம்தான், ஆனால் நெற்றி நெரியவில்லை.

“இல்லை,” என்றார். “கொஞ்சம் இந்தப் பக்கமா இருக்கு.”

கட்டைவிரலால் நகர்த்தினார்.

கனியின் உதடு ஓடியது, அது ஓடுகிற பக்கமாகவே. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்ன வந்ததோ, அதைப் பார்த்து அவள் உதடு இன்னும் கொஞ்சம் ஓடியது.

மேசையில் இரண்டு கேமராவும் சும்மா கிடந்தன. டீச்சர் பெரியதின் மூடியைத் தேடி எடுத்து மாட்டப் பார்த்தார். அது ஒரு தடவையில் உட்காரவில்லை.

“சரி, மேடை ஏறுறேன்,” என்றாள் கனி. “ஆனா நீங்க என் பக்கத்துல நிக்காதீங்க. கீழ, அந்தக் கேமராக்காரர் பக்கத்துல நில்லுங்க. எனக்குத் தெரியுற மாதிரி.”

தவசிமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். டீச்சர் குனிந்து மறுபடியும் மூடியோடு மல்லுக்கட்டினார்.

“நிப்பீங்கல்லா?” என்று கனி கேட்டாள்.