காலை வழிபாட்டில் ஒரு மன்னிப்பு

"பதினோரு நாளாச்சும்மா. அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் வரல. பெத்தவங்ககிட்டகூடப் பேசறதில்லையாம். நான் என்ன குறை வெச்சேன்?"

ஆசிரமத்துப் பந்தியில் உட்கார்ந்து தலைமையாசிரியர் இளம்பரிதி கேட்டார். ரசம் ஊற்றிக்கொண்டு வந்த துறவி மதுரவல்லி அவரைவிட இருபது வயது இளையவர். இருந்தாலும் மனக்குறை என்றால் இளம்பரிதி அவரிடம்தான் வந்து கொட்டுவார்.

"என்ன செஞ்சீங்க?"

எல்லாம்தான் செய்திருந்தார். கேலிக்கு எதிராக ஒரு குழு, ஓர் உறுதிமொழி, சுவரெல்லாம் வாசகம். எட்டாம் வகுப்பு தர்ஷிகாவுக்குத் திக்குவாய். வகுப்பில் நாலு பேர் அவளைப் போலவே திக்கிப் பேசிக் காட்டினார்கள். இவர் விடவில்லை. காலை வழிபாட்டில் நாலு பேரையும் மேடையேற்றி மன்னிப்புக் கேட்க வைத்தார்.

"அவ?"

"அவளையும் ஏத்தினேன். மைக்கைக் குடுத்து, 'மன்னிச்சிட்டேன்'னு சொல்லச் சொன்னேன்."

"சொன்னாளா?"

"கொஞ்சம் நேரமாச்சு. ஆனா எல்லாரும் கை தட்டினாங்க. போட்டோகூட எடுத்தோம்."

பாவம், நல்ல மனுஷர். அதுதான் சங்கடமே.

மதுரவல்லி ரச வாளியைக் கீழே வைத்தார். பந்தியில் அறுபது பேர் இருந்தார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் இங்க பாருங்க," என்று உரக்கச் சொன்னார். "இவர் ஒரு ஹெட்மாஸ்டர். இவர் செஞ்ச காரியத்தால ஒரு குழந்தை பேச்சையே விட்டுடுச்சு. அதை இவரே எழுந்து நின்னு சொல்லப் போறார். தைரியமாச் சொல்லட்டும், கை தட்டுங்க."

தட்டினார்கள். ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

இளம்பரிதியின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. பிசைந்த சோற்றில் கை அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா," என்றார், அவருக்கே கேட்காத குரலில். "இவங்க முன்னாடி வேண்டாம். தனியாச் சொல்றேனே."

மதுரவல்லி அவர் பக்கம் குனிந்தார்.

"அந்தப் பொண்ணும் இப்படிக் கேட்டுச்சா?"

இளம்பரிதி சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"கேட்டா. மேடைப் படிக்கட்டுல, என் கையைப் பிடிச்சுக்கிட்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பயப்படாதே, நான் இருக்கேன்லன்னு சொன்னேன்."