மெர்லின் போடாத ஒப்பம்

கிரிப்டோ என்றதும் யாரோ ஒரே நாளில் கோடீஸ்வரரான கதை என்று நிமிர்ந்து உட்காராதீர்கள். இது அழுகைக் கதை.

ஒரு பிளாக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து எழுதும் பொதுக் கணக்கேட்டில், பிறந்த நாணயம் இன்னொன்றுக்குள் நுழையவே முடியாது. அதனால் நடுவில் ஒரு மென்பொருள் பாலம் வைத்தார்கள். இந்தப் பக்கம் நாணயத்தைப் பெட்டகத்தில் பூட்டினால், அந்தப் பக்கம் அதே மதிப்புக்கு டோக்கன் பிறக்கும். பாலத்துக்குக் காவலர் இருவர்: நாகர்கோவிலில் மெர்லின், காரைக்குடியில் கதிரேசன். இருவரும் ஒப்பம் போட்டால்தான் டோக்கன் பிறக்கும். பூட்டியவுடனே போட்டுவிடவும் கூடாது. செயினில் புதிதாக ஏறிய பதிவு சில வேளை கழன்றுபோகும். அதன்மேல் வேறு பல பிளாக்குகள், அதாவது பதிவுக் கட்டுகள், அடுக்கப்பட்ட பிறகுதான் நிலைக்கும். அதுவரை பொறுப்பது காவலர் வழக்கம்.

ஒரு நாள் காலை மார்த்தாண்டத்திலிருந்து தவசீலன் என்பவர் மெர்லினைப் போனில் அழைத்தார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்கான மருந்தை விற்கும் வெளிநாட்டுக்காரர் அந்தப் பக்கத்து டோக்கனை மட்டுமே வாங்குவார். மதிய விமானத்தை விட்டால் மறுநாள்தான் அனுப்புவார்.

"நாணயத்தப் பூட்டிட்டேன் தங்கச்சி. ஒரு ஒப்பம் போட்டுத் தா. அவ நாளைக்கு வரைக்கும் தாங்க மாட்டா."

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. பதிவு இன்னும் நிலைக்கல."

தன்னையும் தவசீலன் அழைத்ததும் கதிரேசன் யோசிக்கவே இல்லை, போட்டுவிட்டார். "விதியைக் கட்டிக்கிட்டு அழுவியாம்மா? ஒரு உசுரு போகுது!" என்று மெர்லினிடம் சீறினார். ஆனாலும் அவள் போடவில்லை. பெட்டகத்தில் நாணயம் இல்லாமல் டோக்கன் பிறந்துவிட்டால், பாலத்தை நம்பிய அத்தனை பேருடைய டோக்கனும் மதிப்பிழந்துபோகும்.

விமானம் போய்விட்டது. அதன் பிறகு செயின் இரண்டாகக் கிளைத்து, தவசீலனின் பதிவு இருந்த கிளை கழன்றது. பூட்டிய நாணயம் பூட்டாததுபோல் அவர் கணக்குக்கே திரும்பிவிட்டது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை, அவருடைய கெட்ட நேரம். மறுநாள் விடியுமுன் மனைவி போய்ச் சேர்ந்தாள், பாவம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காவலர்களுக்குச் சம்பளமே அந்த டோக்கனில்தான். இருவர் கணக்கிலும் அது தாராளமாகவே கிடந்தது.

இப்போது சொல்லுங்கள், இந்த இருவரில் யார் செய்தது சரி?

விடை: ஒப்பத்தைப் பொறுத்தவரை மெர்லின்தான். கதிரேசன் இரக்கப்பட்டது ஊரார் பணத்தில். அவர் கையை விட்டு ஒரு காசும் இறங்கவில்லை. ஆனால் இந்த விடை மெர்லினுக்கு ஆறுதல் தராது. தன் சொந்த டோக்கனை அவள் தவசீலனுக்குக் கைமாற்றாகக் கொடுத்திருக்கலாம், அதற்கு யாருடைய ஒப்பமும் வேண்டியதில்லை. துக்கம் கேட்கப் போன வீட்டில், "நீ என்ன செய்வே தங்கச்சி, உன் கையில என்ன இருக்கு?" என்று தவசீலன் அவளைத் தேற்றினார். அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.